எதிர்வீடு வரை எட்டிய நாவல்

"அந்தக் கருமத்தை மூடித் தொலைங்க! ஒரு வாய் சோறு இறங்கலை," என்று கத்தினேன்.

இப்போது புத்தகங்களில் வாசனையும் வருகிறது. என் கணவர் பூபாலன் வாங்கியது நார்வே நாட்டுக் கொலைக்கதை. பனிக்காட்டு மரவீட்டின் கதவைப் பெண் போலீஸ் உடைக்கிறாள். எங்கள் கூடத்தில் அழுகிய பிணம் நாறுகிறது. திரைச்சீலை, தலையணை, ரசம், எல்லாவற்றிலும் அதே வாடை. நான் ஊதுபத்தி கொளுத்திக் கொளுத்தி ஓய்ந்துவிட்டேன்.

அவர் வெறுங்கையோடு அறையிலிருந்து வந்தார். "அதை ஞாயித்துக்கிழமையே முடிச்சிட்டேனே. இப்ப நீ படிக்கிறேன்னுல்ல நினைச்சேன்?"

நான் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தேன்.

எதிர்வீட்டு லூர்துசாமி சார் தனிக்கட்டை. என் கணவர் புத்தகத்தைத் திறந்தாலே போதும், சார் வந்து எங்கள் கதவைத் தட்டி, "மனுஷன் குடியிருக்கிற இடமாய்யா இது?" என்று திட்டுவார். கொஞ்ச நாளாக வரவில்லை. பழகிவிட்டார், சனியன் விட்டது என்று இருந்தோம்.

சாரின் கதவை உடைத்த போலீஸ்காரர் வாந்தியெடுத்துவிட்டு வந்து கேட்டார்: "எதிர்லயே இருக்கீங்க, நாத்தம் வரலையா?"

"வந்துச்சு சார்," என்றார் என் கணவர். "ஆனா கதையில இதைவிட நல்லா இருந்துச்சு."