முகம் தெரியும் டிவி

சேரப்பணஞ்சேரியில் யாக்கோபு வீட்டுக்கு ஹெச்.டி. பாக்ஸ் மாட்ட வந்திருந்தான் அமலன். யாக்கோபின் மனைவி அன்னபுஷ்பம் எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீரியல் பாக்கத்தானேக்கா? பழைய பாக்ஸே போதும். இதுக்கு ஒயர்கூட புதுசு வாங்கணும், மாசா மாசம் பணமும் ஜாஸ்தி.”

“பரவால்ல தம்பி. முகம் பளிச்சுனு தெரியணும்.”

பாவம், கண் கோளாறு போல என்று அமலன் நினைத்துக்கொண்டான். டிவி பக்கம் திரும்பி ஒயரைச் செருகியபடி, “இந்தத் தெளிவு போதுமாக்கா?” என்றான். பதில் இல்லை. படம் வந்தது, சத்தம் வரவில்லை. பதறிப்போய் ஒயரைப் பிடுங்கப் போனான்.

“இருப்பா, அவ பாக்கட்டும்,” என்றார் யாக்கோபு. “போன வருசம் காய்ச்சல்ல அவளுக்குக் காது போயிடுச்சு. உதட்டைப் பாத்துதான் பேச்சைப் புரிஞ்சிக்கிறா. பழைய பாக்ஸ்ல உதடே சரியாத் தெரியல. எல்லாத்தையும் என்னைக் கேட்டுக்கினு இருந்தா.”

திரையில் ஒரு மாமியார் சத்தமில்லாமல் ஏதோ சொன்னாள். அன்னபுஷ்பம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

யாக்கோபு அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

“இன்னா சொன்னா? எங்களுக்கும் சொல்லேன்.”