பிரிண்டர் வந்துருக்குது

பெண் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காரவும், பூமாலையின் செல்போன் 'டிங்' என்றது.

காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற அபிநயா அப்பாவின் போனைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வீட்டு வைஃபைக்குள் எந்தப் போன் நுழைந்தாலும் வெளியேறினாலும் அப்பாவின் போனில் அப்படித்தான் அடிக்கும்.

எல்லாம் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் இந்த வீட்டுக்கு முதல்முறையாக வருகிறான். அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை. கை கழுவ எங்கே போவது என்று கேட்க வேண்டும். அவனைக் கண்டால் வாலை ஆட்டும் என்று நாயைக்கூட அம்மா காலையிலேயே கொட்டகைக்குப் பின்னால் கட்டிவிட்டாள்.

நாயை யோசித்தவர்கள் வைஃபையை மறந்துவிட்டார்கள்.

அவன் சட்டைப்பையில் இருந்த போன் மறக்கவில்லை. பழகின மாடு கட்டுத்தறிக்குப் போகிற மாதிரி, வாசல் தாண்டியதும் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

டிராக்டர் பேட்டரியை எவனோ கழற்றிக்கொண்டு போன பிறகுதான் பூமாலை கொட்டகையில் கேமரா மாட்டினார். கேமராவுக்காக வைஃபை வந்தது. வைஃபை வந்ததும் பாதித் தெரு வந்து சுவரோரம் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அவருக்குக் காவல் வேலை.

அவர் கரும்பு வெட்டு மேஸ்திரி. கல்வராயன் மலையிலிருந்து இறக்கிய ஆட்களை விடிந்ததும் தலை எண்ணுவது போல, போனில் உள்ள பெயர்களையும் எண்ணுவார். அபிநயா, அம்மா, டிவி, கேமரா. தெரியாத ஆள் இருந்தால் விரலால் ஒரு தட்டு. வெளியே.

"யாருடி இவன், புதுசா கீறான்?" என்று ஒருநாள் கேட்டார்.

"பிரிண்டருப்பா" என்று சொல்லி, ஜெயப்பிரகாஷின் போனுக்கு அப்படியே தமிழில் பெயரும் போட்டுக் கொடுத்தாள் அபிநயா. படிக்கும்போது வாங்கிய பிரிண்டர் ஒன்று பீரோ மேல் கிடந்தது வசதியாகப் போயிற்று.

பொய் சொல்லாமல் என்ன செய்ய? தங்கை மகள் காதலித்துக் கட்டிக்கொண்டபோது பந்தியில் உட்காராமல் வந்தவர் அவர். லவ்வு கிவ்வுன்னு எவனாவது வந்தால் வாசப்படியோட சரி என்று வீடு திரும்பியதும் ஊருக்கே கேட்கக் கத்தினார்.

அதனால்தான் தரகரைப் பிடித்து, ஜாதகம் கொடுத்து, இந்த நாடகம். அம்மாவும் கூட்டு. சின்னசேலம் மக்காச்சோள மண்டியில் கணக்கு எழுதுகிற பையன், மத்தியானத்தில் அந்தப் பக்கம் வந்தால் அம்மா கையால் காபி குடிப்பான். டிராக்டர் ஆரன் கேட்டதும் கொல்லை வழியாகக் கிளம்பிவிடுவான்.

நல்லவேளையாகப் பூமாலைக்குக் கொஞ்ச நாளாக ஒரு கிறுக்கு. ஏரி முனையில் திரும்பும்போது ஆரனில் வைத்த கையை வாசல் வரைக்கும் எடுப்பதில்லை. எருமை மிரளுது, காது கிழியுது என்று அம்மா திட்டிப் பார்த்துவிட்டாள். கேட்கவில்லை.

இப்போது அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். எழுத்துக் கூட்டி, சபைக்கே கேட்கும்படி வாசித்தார்.

"பி... ரிண்... டர். பிரிண்டர் வந்துருக்குது."

எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா வாசலை எட்டிப் பார்த்தார்.

"யாருண்ணே அது? இன்னும் ஆள் வரணுமா?"

"ஆள் இல்லம்மா, மெஷினு. தோ, பீரோ மேல பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு பிரிண்டர் தூசியில் கிடந்தது. ஒயர் பாதி பீரோ வரைக்கும் தொங்கியது. பிளக்கு அந்தரத்தில், ஃபேன் காற்றுக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"கரண்டே இல்லாம ஓடும். தங்கமான மெஷினு. மத்தியானத்துல மட்டும்தான் வரும்."

ஜெயப்பிரகாஷ் சட்டைப்பையில் கையை விட்டு, தொட்டுத் தடவி, போனை அணைத்தான்.

டிங்.

"பாத்தீங்களா, போயிடுச்சி" என்றார் பூமாலை. "கூச்ச சுபாவம்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

அபிநயா அப்பாவின் விரலையே பார்த்தாள். கத்தி பிடித்துக் காய்ப்பேறிய விரல். போன் மேல் அப்படியே நின்றது. ஒரு தட்டு, வெளியே. இத்தனை நாள் பட்டதெல்லாம் அந்த ஒரு தட்டில் முடிந்துவிடும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் போன் எந்நேரமும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். கரும்புக் கொல்லையிலும்.

இங்கே கேட்ட 'டிங்' அங்கேயும்தானே கேட்டிருக்கும். ஒவ்வொரு மத்தியானமும்.

மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுண்ணே. நீங்க இன்னா சொல்றீங்க?"

பூமாலை கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் திரும்பினார்.

"தம்பி, ஏரி முனையிலேர்ந்து அமுக்கி அமுக்கி டிராக்டர் ஆரனுக்குத் தொண்டையே கம்மிப்போச்சி. இனிமே நம்மால ஆவாது. முன்வாசல் வழியாவே வந்துட்டுப் போங்க."