கீழே வைத்த குவளை

நவ்வாஃப் காபிக் குவளையை வாங்கினான். குடிக்கவில்லை. தன் முழங்காலுக்கு முன்னால் கம்பளத்தில் வைத்தான்.

கூடத்தில் பேச்சு நின்றது.

முறைப்படி அதில் கால் குவளைதான் இருந்தது. விருந்தாளிக்கு அவ்வளவுதான் ஊற்றுவார்கள். நிரம்ப ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம்.

குடிக்காமல் கீழே வைத்தால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. ஏதோ கேட்க வந்திருக்கிறான். தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தால்தான் குடிப்பான். அப்படியே எழுந்து போய்விட்டால், வீட்டின் மானமும் அவனோடு வாசலைத் தாண்டிவிடும்.

வீட்டுக்காரர் முத்லக் அந்தக் குவளையைப் பார்த்தார். பாட்டனார் காலத்திலிருந்து இந்தக் கூடத்தை விட்டு அப்படி எவரும் போனதில்லை.

ஆனால் இவனுக்கா?

சித்தப்பா மகன். அரபு ஒற்றுமைக்காகத் தொடங்கிய முத்லக்கின் கட்சியை இரண்டாக உடைத்தவன். கட்சிப் பெயருக்கு முன்னால் 'அசல்' என்று ஒட்டிக்கொண்டு, இதே கரக் நகரின் கடைவீதியிலேயே எதிர்க்கடை போட்டவன். அன்று அவன் பின்னால் போனவர்களில் ஒருவனின் படம் இந்தச் சுவரில் இருந்தது. இப்போது ஆணி மட்டும்.

தேர்தல் வருகிறது. கட்சியின் பெயரைத்தான் கேட்பான். கொடுத்தால் ஆயுள் முழுக்க உழைத்தது போகும். மறுத்தால் மானம் போகும்.

சுற்றிலும் ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடிடா," என்றார் முத்லக், வார்த்தையை மென்று துப்புவது போல. "நீ கேக்க வந்தது உனக்குத்தான்."

நவ்வாஃப் ஒரே மடக்கில் குடித்தான்.

"அண்ணே, உங்க மகன் நிதாலை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கங்க."

பிளவுக்குப் பிறகு அந்தப் பெயரை இந்தக் கூடத்தில் யாரும் உச்சரித்ததில்லை. உச்சரிக்க முத்லக் விட்டதில்லை.

"ஏன், உன் புரட்சி அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?"

நவ்வாஃப் கம்பளத்தைப் பார்த்தான்.

"எங்க கட்சியை உடைச்சிட்டான். தனிக் கட்சியாம், இதுதான் அசலுக்கும் அசலாம். என் பசங்க ரெண்டு பேரும் அவன் பின்னாடி போயிட்டாங்க. எங்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாங்க."

யாரோ இருமுவது போல் சிரித்தார்.

முத்லக் சிரிக்கவில்லை. ஆணியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"கூப்பிடறேன். குடுத்த வாக்கு குடுத்ததுதான்."

பிறகு கெண்டியைத் தன் கையாலேயே எடுத்து, நவ்வாஃபின் குவளையில் விளிம்பு தளும்ப ஊற்றினார்.