ஆளுக்கு இவ்வளவு தண்ணீர்

"எங்க பங்கு இன்னும் வரலீங்கம்மா."

பொறியாளரம்மா நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் குடிநீர் வாரிய அலுவலகத்துக்குள் இவளை யார் விட்டது?

ஆனாலும் கோபம் வரவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி அன்று காலையில்தான் ஒரு செய்தி வந்திருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அவள் வைத்த சிக்கன இலக்கை நகரம் எட்டிவிட்டதாம். எட்டாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும் என்று மேலிடம் கறாராகச் சொல்லியிருந்தது. கோடைத் தொடக்கத்தில் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் வீடு வீடாகப் போய்த் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சியது வீண்போகவில்லை.

"உட்காருங்கம்மா. என்ன பங்கு?"

"ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கீங்களே, அதுதான். எங்க தெருவுக்குச் சொட்டுத் தண்ணி வரலை."

"கடைக்கோடித் தெருவா? முன்னாடி இருக்கிறவங்க மோட்டார் போட்டு உறிஞ்சிடறாங்களோ என்னமோ. எவ்வளவு நாளா இப்படி?"

"இந்த மாசந்தான் ரொம்பக் கஷ்டம்."

வந்தவளின் உதடுகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பொறியாளரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். வந்தவள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். பாட்டில் காலியானது. மேசைமேல் இருந்த ஜக்கையும் எடுத்துக் கவிழ்த்தாள். அதுவும் காலி. தொண்டைக் குழி அசையவில்லை. உதட்டில் ஈரம் படவில்லை.

"மெதுவாம்மா, புரையேறிடப் போகுது!"

"எனக்கு மட்டுமா? மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அண்ணன், எல்லாரும் நாக்கு ஒட்டிப்போய்க் கிடக்காங்க. புள்ளைங்க அழுதா கண்ணுல தண்ணி வரமாட்டேங்குதும்மா."

அறைக்குள் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை அடித்தது. வெளியே எங்கோ குழாய்க்குக் குழி வெட்டுகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டே பொறியாளரம்மா தொலைபேசியை எடுத்தாள்.

"தெருப் பேரைச் சொல்லுங்க. இப்பவே திறந்துவிடச் சொல்றேன்."

"மலையடித் தெருங்க."

மறுமுனையில் உதவியாளர் வந்தார். அலுவலகத்தில் அவருக்குக் கணக்குப்புலி என்று பெயர்.

"மேடம்! இலக்கை எட்டியாச்சு, விருந்து எப்போ?"

"விருந்து கிடக்கட்டும். மலையடித் தெருவுக்கு ஏன் தண்ணி விடலை? உடனே வால்வைத் திறக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் காகிதங்களைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன, காதுல விழுந்ததா?"

"மேடம்... யார் உங்ககிட்ட சொன்னாங்க? தப்புதான், மன்னிச்சிடுங்க."

"எது தப்பு?"

"ஊரோட மொத்தத் தண்ணிச் செலவை ஆள்கணக்கால வகுத்தா ஆளுக்கு அதிகமா வந்துச்சு. என்ன பண்ணியும் குறையலை. நீங்களோ இலக்கு, இலக்குன்னு உயிரை விடறீங்க. அதான் மலையடித் தெரு ஜனங்களையும் கணக்குல சேர்த்து வகுத்துட்டேன். ஆள் கூடினா சராசரி இறங்குமில்ல?"

"இருக்கிற ஜனங்களைச் சேர்க்கறதுல என்னய்யா தப்பு?"

"எங்க மேடம் இருக்காங்க? நீங்க வர்றதுக்கு முந்தின மழையில மலை சரிஞ்சு தெருவே மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஒரு உயிர் மிஞ்சலை. தண்ணி கேட்க மாட்டாங்களேன்னுதான்..."

பொறியாளரம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். கதவுக்கு வெளியே, நடை நெடுக, காலிக் குடங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

வந்தவள் மேசைமேல் குனிந்தாள். பயந்த குழந்தையைத் தேற்றுவதுபோல் அவள் குரல் இதமாக இருந்தது.

"அவரைத் திட்டாதீங்கம்மா. பசி, தாகம் எதுவும் இல்லாமத்தான் மண்ணுக்குள்ள கிடந்தோம். ஆளுங்கன்னு எங்களையும் கணக்குல சேர்த்தீங்க பாருங்க, அன்னையிலேர்ந்துதான் தாகம் எடுக்குது."