காது மிஷினில் ஒரு குறை

"இன்னொரு தடவை கஸ்டமர்கிட்ட பொய் சொன்னேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். புரியுதா?"

காலையில கடை திறந்ததுமே முதலாளிகிட்ட எனக்குக் கிடைச்ச அர்ச்சனை இது.

அப்படி என்ன பெரிய பொய் சொல்லிட்டேன்? ரிப்பேருக்கு வந்த மிஷினை இன்னும் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. போன்ல கேட்டவங்ககிட்ட "இதோ முடியப் போகுது"ன்னேன். ஊர் உலகத்துல எந்தக் கடையிலயும் சொல்லாத பொய்யா அது?

காது கேக்காதவங்களுக்கு மிஷின் விக்கிற கடை எங்களோடது. முதலாளிக்கு நாங்க வச்ச பேர் தராசு. சின்ன மிஷின் போதும்னா பெரிசை விக்க மாட்டார். மிஷினால பிரயோஜனமே இல்லைன்னா அதையும் முகத்துக்கு நேரா சொல்லிடுவார். வியாபாரம் போனா போகட்டும்னு இருக்கிற ஆளு. அவர்கிட்ட போய் மாட்டிக்கிட்டேன்.

நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போ, ஒருத்தர் தன்னோட வயசான அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு உள்ளே வந்தார்.

"என்ன சார் கடை நடத்துறீங்க? போன மாசம்தான் அப்பாவுக்கு மிஷின் வாங்கினேன். ஒண்ணும் கேக்கலைங்கிறார். வாசல்ல இருந்து கத்திக் கத்தி என் தொண்டைதான் காய்ஞ்சு போகுது. கடைசியில பக்கத்துல போய்க் காதுல சொல்ல வேண்டியிருக்கு. அப்புறம் மிஷின் எதுக்கு?"

பெரியவர் இதெல்லாம் யார் வீட்டுக் கதையோன்னு சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

"பணம் பிரச்சினை இல்லை. இருக்கிறதுலயே பெரிசாக் குடுங்க. அதுவும் சரியில்லைன்னா நாலு பேர்கிட்ட உங்க கடை லட்சணத்தைச் சொல்லிடுவேன்."

"நீங்க உக்காருங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

தராசு பெரியவரை மட்டும் உள் அறைக்குக் கூட்டிட்டுப் போனார். புது பேட்டரியோட நானும் பின்னாடியே போனேன்.

பேட்டரி மாத்தி, வழக்கமான சோதனை எல்லாம் பண்ணியாச்சு. எதுக்கும் பெரியவர் "கேக்கலை"ன்னு தலையாட்டினார்.

முதலாளி அவர் முதுகுக்குப் பின்னாடி போய் நின்னு, என்கிட்ட மெதுவாச் சொன்னார்.

"அடடா, ஐயா சட்டைப் பையில பேனா மை கொட்டியிருக்கு பாரும்மா."

பெரியவர் பதறிப்போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட பிறகுதான் மாட்டிக்கிட்டது அவருக்கே புரிஞ்சுது. முகம் சுருங்கிப் போச்சு.

"எதுக்குங்க ஐயா இந்த நாடகம்?"

"மிஷின் ரொம்ப நல்ல மிஷின் தம்பி. தெருமுனையில அவன் வண்டி திரும்புற சத்தம்கூடக் கேக்குது. கேட்டதும் செவிட்டுச் சாமியாரா உக்காந்துக்குவேன்."

"அதான் ஏன்?"

"மிஷின் இல்லாதப்போ பக்கத்துல வந்து உக்காருவான். தோள்ல கை போட்டு, காதுகிட்ட வாயை வச்சு, ஆபீஸ்ல நடந்ததை எல்லாம் சொல்லுவான். மிஷின் வந்த அன்னிக்கு வாசல்ல இருந்தே 'சாப்பிட்டீங்களாப்பா'ன்னு ஒரு குரல் குடுத்துட்டு நேரா அவன் ரூமுக்குப் போயிட்டான். அவனைக் குத்தம் சொல்லலை. காதுதான் கேக்குதே, எதுக்குப் பக்கத்துல வரணும்?"

பெரியவர் முதலாளி கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. இத்தனை நாளா ஏமாத்திட்டேன்னு நினைப்பான்."

"நான் பொய் சொல்றதில்லைங்க."

சொல்லிட்டு தராசு கதவைத் திறந்து மகனைக் கூப்பிட்டார். பெரியவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். இந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதான்னு மனசுக்குள்ள நல்லாத் திட்டினேன்.

"என்ன சார் கோளாறு?"

முதலாளி தொண்டையைக் கனைச்சார். மறுபடியும் கனைச்சார்.

"மிஷின்ல ஒரு குறை இருக்குங்க. தூரத்துப் பேச்சைப் பிடிக்காது. பக்கத்துல உக்காந்து காதோரமாப் பேசணும். தோள்ல கை வச்சுக்கிட்டா இன்னும் தெளிவாக் கேக்கும்."

"தோள்ல கையா?"

"ஆமாங்க. அது வந்து... ஒரு அதிர்வு."

என் சர்வீஸ்ல இவ்வளவு மட்டமான பொய்யை நான் கேட்டதில்லை. மனுஷனுக்கு ஏசி ரூம்ல வேர்த்துக் கொட்டுது.

"அப்போ பெரிய மிஷின் குடுங்க."

"எது வாங்கினாலும் ஐயாவுக்கு இப்படித்தாங்க."

"நேர்மையான கடைன்னாங்களேன்னு நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! ஓட்டை மிஷினைத் தலையில கட்டிட்டு, சாக்கு வேற!"

"மன்னிச்சுக்கங்க"ன்னு தராசு கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர் அவரையே பார்த்துக்கிட்டு நின்னார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியில, மகன் அப்பா தோள்ல கை போட்டு, காதுகிட்ட குனிஞ்சு ஏதோ சொல்லிக்கிட்டே நடந்தார். எங்க கடையைத்தான் திட்டியிருப்பார். பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு.

நான் விடுவேனா?

"ஏன் சார், கஸ்டமர்கிட்ட பொய் சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னீங்களே. இப்ப யாரு வீட்டுக்குப் போறது?"

முதலாளி துடைச்ச மேஜையையே திரும்பத் துடைச்சார். தலையைத் தூக்கலை.

"என்னம்மா சொன்னே? கேக்கலையே. கொஞ்சம் பக்கத்துல வந்து சொல்லு."