வலது பக்கத்துச் சூடு

கம்பளி கருகும் நாற்றம் தெரு முழுக்கப் பரவியதும் பக்கத்து வீட்டு பெக்டூர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணே, ஆட்டுத்தலை வாட்டுறியா? காது எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்!"

எசென் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் கட்டியிருந்த கம்பளத்தைப் பிய்த்துத் தரையில் போட்டு மிதித்தான்.

மனைவி குமுஷாய் தன் சேணத்துக்கு அடியில் போடுகிற நல்ல கம்பளம் அது. குதிரையின் முதுகு புண்ணாகாமல் காக்கிறது, ஒரு மனுஷியின் காலைக் காக்காதா என்று நினைத்துவிட்டான். குதிரை நெருப்பு கக்காது என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

குமுஷாய் வாசலில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"போனாப் போவுது விடு. இனிமே நான் குதிரைக்கா போடப் போறேன்?"

வினையை இழுத்து விட்டுக்கொண்டவன் எசென்தான். நகரத்துக்குப் போகிற வழியில் நாலைந்து ஓடைகளைத் தாண்ட வேண்டும். கீழே இருந்த புகைக்குழாயில் தண்ணீர் புகுகிறது, கல் இடிக்கிறது என்று அதை அறுத்து, வளைத்து, இருக்கைப் பக்கமாக உயர்த்திப் பற்றவைத்தான்.

ஓடைகளை வண்டி ஜம்மென்று தாண்டியது. சூடு முழுவதும் பின்னால் உட்காருகிறவளின் வலது கெண்டைக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அவள் காலணியைக் கழற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தான். உள்ளங்கை அகலம்.

வழி நெடுக அவள் வாயே திறக்கவில்லை. சுடுகிறதா என்று அவன் கேட்டதற்குக்கூட இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

இன்னொரு கொப்புளம் வந்தால் வண்டியில் ஏறவே கூடாது என்று நகரத்து டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேருந்தோ வழியிலிருக்கும் மலைக் கணவாயில் ஏறாது. வாரா வாரம் அவளை டாக்டரிடம் கூட்டிப் போகாமலும் முடியாது.

கம்பளம் கைவிட்டதும், கண்ணாடி நாரில் நெய்த பட்டையை வாங்கி வந்து, நனைத்து, குழாயில் இறுக்கிச் சுற்றினான். அதன் மேல் ஓர் அலுமினியத் தகடு. தகடு குழாயைத் தொட்டால் தகடும் சேர்ந்து சுடும் என்ற அறிவு இப்போது வந்திருந்தது. நடுவே வாஷர்களை அடுக்கி, காற்று ஓடுவதற்கு விரலளவு இடைவெளி விட்டான்.

பிறகு என்ஜினை ஓடவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பின் இருக்கையில் தானே உட்கார்ந்து பார்த்தான். இந்த விஷயத்தில் அவள் பேச்சை அவன் நம்புவதாக இல்லை.

சுடவில்லை.

மறுநாள் காலையில் அவளைத் தூக்கி உட்காரவைத்து, காலை எடுத்து மிதிகட்டையில் வைத்துக் கிளம்பினான். ஓடைகள் தாண்டி, ஏற்றம் பாதி ஏறியிருப்பார்கள். முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

"யோவ், நிறுத்துய்யா! காலு வேகுது!"

எசெனுக்கு உயிரே போய்விட்டது. குதித்து இறங்கிப் பார்த்தான். மேடுபள்ளத்தில் குலுங்கிய குலுங்கலில் ஒரு திருகாணி கழன்று எங்கோ விழுந்திருந்தது. தகடு குழாயின் மேலேயே சாய்ந்து கிடந்தது.

அவசர அவசரமாக அவள் காலை விலக்கி, பேன்ட்டை உயர்த்தினான். தோல் சிவந்திருந்தது, நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

திட்டு வாங்கத் தலையைக் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"எந்தக் காலு?"

"கண்ணு தெரியலையா உனக்கு? இதோ இந்தக் காலு, வலது..."

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

வசந்தத்தில் குதிரை கீழே தள்ளிய நாளிலிருந்து, முழங்காலுக்குக் கீழே அந்தக் கால் வெறும் கட்டை. வாரா வாரம் டாக்டர் அம்மா ஊசியால் குத்திக் குத்தி, தெரிகிறதா என்று கேட்பாள். வாரா வாரம் குமுஷாய் இல்லை என்பாள்.

எசென் நடுவழியிலேயே மண்டியிட்டான். கரி படிந்த இரண்டு கைகளையும் ஏந்தி, முகத்தில் தடவி, "ஓமின்" என்றான். நன்றியை ஆண்டவனுக்குச் சொல்வதா, கழன்று விழுந்த திருகாணிக்குச் சொல்வதா என்று விளங்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சொன்னான். முகமெல்லாம் கரியாகி, அதில் கண்ணீர் கோடு போட்டது.

குமுஷாய் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டு கைகளாலும் வலது காலைத் தூக்கி, மறுபடியும் குழாய்ப் பக்கம் கொண்டுபோனாள்.

"இன்னொரு வாட்டி சுடட்டுமே."

அவன் தன் உள்ளங்கையைக் குறுக்கே கொடுத்தான்.