தலையில வயரோட ஒரு சண்டை

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? முட்டி வலி, முதுகு வலி எல்லாம் தேவலையா? சரி, இந்தச் சண்டையைக் கேளுங்க.

"உங்க அக்கா ஏன் உங்களைப் பாக்க வரல? அதை மொதல்ல சொல்லுங்க!"

ஆஸ்பத்திரி அறைக்குள்ள கால் வெச்சதும் வெக்காததுமா சம்சாரம் ஆரம்பிச்சுட்டா. கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்த புருஷன் திகைச்சுப் போய்ப் பாத்தாரு.

அவரு ரயில் நிலையத்துல மைக் புடிச்சு அறிவிப்பு சொல்றவரு. ஊரே கேக்குற குரல். வீட்டுல மட்டும் 'ம்', 'ஊஹூம்' ரெண்டுதான். அஞ்சாறு வருஷமா வலிப்பு, மாத்திரைக்கு அடங்கல. அதான் போன வாரம் மண்டையோட்டைத் திறந்து, மூளை மேல ஒரு தகடு விரிச்சு வெச்சிருக்காங்க. தகடுன்னா கெட்டியா இருக்காது. பாலிதீன் தாள் மாதிரி வளைஞ்சு படியும், அதுல பொட்டுப் பொட்டா உலோகப் புள்ளி. தலைக்கட்டுலேருந்து வயருங்க கொத்தா எறங்கிப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போகுது.

வலிப்பு எங்கேருந்து கிளம்புதுன்னு தகடு காட்டிக் குடுத்துடுச்சு. நாளைக்கு அந்த எடத்தை வெட்டி எடுக்கணும். வயித்தெரிச்சல் என்னன்னா, பேச்சுக்கான எடமும் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்காம். கத்தி துளி தப்பினா குரலும் போச்சு, வேலையும் போச்சு.

இந்த நேரம் பாத்துத்தான் இவ சண்டைக்கு வந்திருக்கா.

"காது கேக்கலையா? உங்களைத்தான்!"

"அக்காவை ஏன் இழுக்குற?"

"இழுப்பேன். தம்பி மண்டையைத் திறந்து வெச்சிருக்காங்க, எட்டிப் பாக்க நேரமில்ல. அவ்வளவு பாசம்!"

அவருக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "அவ எப்படிடி வருவா? போன தடவை வந்தப்ப, அவ படி எறங்குறதுக்குள்ள கதவைப் படார்னு சாத்தினவதானே நீ?"

சலைன் பாட்டில் மாத்த வந்த நர்ஸுக்குப் பொறுக்கல. "ஏம்மா, நாளைக்கு ஆபரேஷன். இப்பப் போய் இந்தக் கத்து கத்துறீங்களே, மனசாட்சி இருக்கா? டாக்டர், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

கம்ப்யூட்டர் முன்னாடி இருந்த டாக்டர் திரும்பக்கூட இல்ல. "புருஷன் பொண்டாட்டி விஷயம், சிஸ்டர். நமக்கெதுக்கு?"

நர்ஸ் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

"சாத்தினா என்னவாம்? உங்க குடும்பத்து லட்சணம் அப்படி!"

"என் குடும்பமா? உங்க அண்ணன் வந்தா என் சட்டையைத்தான் மாட்டிக்கிட்டுப் போவான். ஒண்ணாவது திரும்பி வந்துச்சா? அந்தக் கோடு போட்ட சட்டை எனக்கு எவ்வளவு..."

தெறந்த வாய் தெறந்தபடி நின்னுடுச்சு. உதடு அசையுது, சத்தம் வரல.

"ஐயோ டாக்டர், பேச்சே நின்னுபோச்சு!" நர்ஸ் பதறினா.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சம்சாரம் கைப்பையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. ஆனாலும் விடல. "என்ன, பதில் கெடைக்கலையா? சட்டைக்கு அழுவுற ஆம்பளையை இப்பதான் பாக்குறேன்!"

பேச்சு திரும்பிடுச்சு. முன்னைவிட வேகமா.

"சட்டை மட்டுமா? கூடத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? பாசி புடிச்ச கெணத்துக்குள்ள குடியிருக்குற மாதிரி இருக்கு! அப்புறம் உன் பாட்டு. நீ பாட ஆரம்பிச்சதும் நான் மொட்டை மாடிக்கு ஓடுறேனே, எதுக்குன்னு நெனைச்ச? தண்ணித் தொட்டி பாக்கவா? உன் தொண்டைக்குப் பய..."

மறுபடி நின்னுது. மறுபடி வந்துது.

"பயந்துதான்!"

சம்சாரத்துக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

டாக்டர் நாற்காலியைத் திருப்பினாரு. "போதும்மா. பேச்சோட எல்லை கெடைச்சுடுச்சு. சார் பேசப் பேச ஒவ்வொரு பொட்டு வழியாவும் துளி கரண்ட் விட்டேன். பேச்சு நின்ன எடத்தையெல்லாம் நாளைக்குக் கத்தி தொடாது."

புருஷன் முழிச்சாரு. "கரண்ட் விடுவீங்கன்னு தெரியும் டாக்டர். ஆனா இந்தச் சண்டை?"

"பின்ன என்ன சார்? காலைல படம் காட்டி என்னன்னு கேட்டா ஒத்தை வார்த்தை. பேசுங்கன்னா ரயில் அறிவிப்பை மனப்பாடமா ஒப்பிச்சீங்க. எனக்குச் சொந்தமா வார்த்தை தேடிக் கோத்துப் பேசுற பேச்சு வேணும். அதான் சண்டை போடச் சொல்லி இவங்களை அனுப்பினேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. "அப்ப நீ அக்காவைத் திட்டினதெல்லாம்..."

"டாக்டர் சொல்லிக் குடுத்தது" ன்னு சொன்ன சம்சாரம், கைப்பையைக் கீழ வெச்சுட்டு இடுப்புல கையை வெச்சா. "நீங்க என்னைத் திட்டினதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"